பண்டாரத்துக்கு எழுதிய வசனம்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் பத்துப் பன்னிரண்டு பக்கமும் இல்லை. ராசிபுரம் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த மூலையிலிருந்து எடுத்து வந்தேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய பெரிய நாவலைச் சுருக்கித் தமிழில் போட்டிருக்கிறார்கள் என்று நூலகர் சொன்னார். பசிக்கு ரொட்டி திருடிய ஒருவன், பல வருஷம் சிறையில் கிடந்துவிட்டு வெளியே வருகிறான். யாரும் ஒரு வாய் சோறு போடவில்லை. ஒரு பாதிரியார் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார். அவர் வீட்டு வெள்ளிச் சாமானையே எடுத்துக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வந்து நிறுத்தினால், அவனுக்கு அதைக் கொடுத்ததே தான்தான் என்று பாதிரியார் சொல்லிவிடுகிறார். போதாததற்கு விளக்குத்தண்டு இரண்டையும் எடுத்துக் கொடுக்கிறார். அங்கிருந்து அந்தத் திருடன் மனிதனாகிறான். பஸ்ஸில் இதைப் படித்துக்கொண்டு வந்தவன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாலு மைல் திரும்பி நடந்தேன். நடந்த வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

படிக்காமலே இருந்திருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எழுத்து வேலை பார்த்தேன். பாடி கட்டி, பெயிண்ட் அடித்து முடித்த வண்டியில் முதலாளி பெயர், குலசாமி பெயர், பின்கதவில் 'ஒலி எழுப்பவும்', அதற்குக் கீழே இரண்டு தாமரைப்பூ. கையெழுத்து அழகாக இருப்பவனுக்கு அறிவும் கூடுதலாக இருக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. மனு எழுத, பத்திரிகை எழுத, மாரியம்மன் நோம்பிக்கு நாடகம் எழுத, எல்லாவற்றுக்கும் 'பெயிண்டரைக் கூப்பிடு' என்பார்கள். ஊர் சொல்வது சரிதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா. செவ்வாய்க்கிழமை நாடகம், புதன்கிழமை மாவிளக்கு, வியாழக்கிழமை மஞ்சள் நீர். நாடகத்தில் ஊர் ஆட்கள்தான் நடிப்பார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் சேலத்திலிருந்து நடிகை வருவார். பாட்டு இல்லாத நாடகத்தை எங்கள் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். பாதியிலேயே எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவார்கள். அதனால் பிரெஞ்சுக்காரர் கதைக்கும் சினிமா மெட்டில் பதினோரு பாட்டு எழுதினேன். ரொட்டியைக் கம்பஞ்சோறு ஆக்கினேன். பாதிரியாரைக் கோயில் பண்டாரம் ஆக்கினேன். வெள்ளி விளக்குத்தண்டு, இரண்டு வெண்கல விளக்கானது. பல வருஷம் கழித்து, அதே கதையை வெளிநாட்டில் பாட்டு நாடகமாக மேடையேற்றிப் பெரிய பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். நாங்கள் முந்திக்கொண்டோம் என்று பட்டறையில் சொல்லிச் சிரித்திருக்கலாம். அந்தப் பக்கத்தை மடித்துத் தூரிகை துடைக்கப் போட்டேன்.

அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பட்டறையில் என்னோடு வேலை செய்த தச்சர் எங்கள் ஊர்க்காரர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பாடிக்குக் கட்டை இழைப்பதில் அவர் கை பட்டால் ஒரு நூல் பிசகாது. கல்யாணமான புதிதில், கைக்குழந்தை ஜன்னி கண்டு கிடந்தபோது, வேறொரு பட்டறையில் நின்ற லாரியிலிருந்து ஸ்டெப்னி டயரைக் கழற்றி விற்றுவிட்டார். குழந்தை பிழைத்தது. அவர் பிடிபட்டார். கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில், குழந்தையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஓடினார். அதற்கும் சேர்த்துத் தண்டனை. வெளியே வந்தபோது அந்தப் பெண் குழந்தைக்கு நாலு வயது முடிந்திருந்தது.

ஊர் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. மாவிளக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு வீடு ஊரில் சேர்ந்த வீடுதானா என்பதற்கு அதுதான் அடையாளம். புதன்கிழமை மத்தியானம் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஊறவைத்த அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி பறித்து நெய்த்திரி ஏற்றித் தட்டத்தில் எடுத்து வருவாள். எல்லாத் தட்டமும் மேளத்தோடு ஒரே வரிசையில் கோயிலுக்குப் போகும். அந்த வரிசையில் இல்லாத வீட்டுக்கு நல்லதுக்கும் யாரும் போவதில்லை, கெட்டதுக்கும் போவதில்லை. தச்சர் வீடு அப்படிக் கிடந்தது. அவர் பெண்டாட்டி வருஷா வருஷம் அந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். பெண்ணுக்கு அப்போது பத்து வயது. இந்த வருஷமாவது தட்டம் எடுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை என்று தச்சர் என்னிடம் சொன்னார்.

"ஏனுங் பெயிண்டரே, நீங்க ஒரு வார்த்த சொன்னா தர்மகர்த்தா கேப்பாருங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் புள்ள ஒருக்கா தட்டம் புடிச்சுட்டுப் போனாப் போதும்."

வார்த்தை எதற்கு, நாடகமே போட்டுக் கேட்கிறேன் என்றேன். அவ்வளவு மிதப்பு எனக்கு. நேராகப் போய் தர்மகர்த்தாவின் முன்னால் நின்று, அந்த மனுஷன் பட்டது போதும் என்று சொல்லியிருந்தால் கால் மணி நேர வேலை. அதை விட்டுவிட்டு மூன்று மாதம் ஒத்திகை பார்த்தேன்.

தச்சர் நடிக்கவில்லை. மேடை கட்டினார். கூலி வாங்காமல், பட்டறை விடுமுறை நாளிலெல்லாம் வந்து, பலகை இழைத்து, சிறைக் கம்பிக்கு மூங்கில் செதுக்கி, எல்லாம் அவர்தான். திருடனாக நடித்தவர் ஊரிலேயே பெரிய தோட்டக்காரரின் மகன். பண்டாரமாக நடித்தவர் பால்காரர். சீன் படுதா, உடுப்பு, டோப்பா முடி எல்லாம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாய் நடத்திய நாடகச் சாமான் கடையில் வாடகைக்கு எடுத்தோம். எல்லாம் வாடகை என்றான பிறகு, விளக்காவது நிஜமாக இருக்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அட்டையில் செய்து தங்கக் காகிதம் ஒட்டினால் திரி ஏற்ற முடியாது. கடைசிக் காட்சியில், வயசாகிச் சாகக் கிடக்கும் அந்தத் திருடனின் தலைமாட்டில் இரண்டு விளக்கும் எரிய வேண்டும். தர்மகர்த்தாவிடம் கேட்டு, அம்மன் சன்னிதியில் இருந்த இரண்டு வெண்கல விளக்கையே வாங்கி வந்தேன். கோயில் விளக்கை நாடகத்துக்குக் கேட்கும் புத்தி எங்கள் ஊர்க்காரனைத் தவிர யாருக்கு வரும், கொடுக்கும் மனசுதான் யாருக்கு வரும்.

நாடகம் அன்று எல்லாரையும் கட்டிப்போட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். போலீஸ்காரர் திருடனைப் பிடித்து வந்து பண்டாரத்தின் காலடியில் தள்ளுகிறார். பால்காரர் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்துகிறார். பிறகு, "இவன் எடுக்கல சாமி. நாந்தான் குடுத்தேன்" என்கிறார். அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. பெண்கள் பக்கமிருந்து அழுகை கேட்டது. ஆட்கள் மேடையேறி தோட்டக்காரர் மகனுக்குத் துண்டு மேல் துண்டாகப் போட்டார்கள். அவர் முகம் தெரியாமல் போய், நான் போய் எடுத்துவிட வேண்டியதாயிற்று. முடிந்ததும் தர்மகர்த்தா மேடைக்குப் பின்னால் வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, மனசு ஒரு மாதிரியாப் போச்சு. நாளைக்கு அவன் ஊட்டு மாவெளக்கையும் வரச்சொல்லீரு."

தச்சர் பக்கத்தில்தான் படுதாக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார். கயிற்றை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். படுதா சரிந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அரிசி ஊறவைக்கச் சொல்லி வீட்டுக்கு ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தார். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் கையில் கிடைத்த துணியில் இரண்டையும் சுற்றி, என் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பெயிண்ட் டப்பாக்கள் வைக்கும் கறுப்புப் பெட்டி அது. "பெட்டி பத்திரம், நீங்க இங்கயே படுத்துக்குங்க" என்று தச்சரிடம் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். விடியற்காலை முதல் பஸ்ஸில், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்திருந்த கடை ஆள் வாடகைச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

காலையில் விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைத் திறந்தால் டப்பாக்கள் இருந்தன, தூரிகைகள் இருந்தன. விளக்கு இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேடைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். அதற்குள் பண்டாரம், பால்காரரைச் சொல்லவில்லை, நிஜப் பண்டாரம், விளக்கு கேட்டு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கோயில் வாசலில் ஊரே நின்றது. எங்கே வைத்தாய் என்று தர்மகர்த்தா கேட்டார். பெட்டியில் வைத்துப் பூட்டினேன் என்றேன். ராத்திரி இங்கே யார் இருந்தது என்று கேட்டார்.

நான் தச்சர் பெயரைச் சொன்னேன்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. தச்சர் இடுப்பில் கட்டிய துண்டோடு முன்னால் வந்து நின்றார். "நான் எடுக்கலீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியவனே நான்தான். மெருகு போடக் கொடுத்தனுப்பினேன், என் தப்பு, எப்படியாவது நான் திருப்பித் தருகிறேன் என்று எதையாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும். முந்தின ராத்திரி அழுத அத்தனை பேரும் எதிரில்தான் நின்றார்கள். வாய் வரவில்லை. பயம் மட்டுமென்றால்கூட மன்னித்துக்கொள்ளலாம். எடுத்திருப்பானோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அதுதான் நிஜம். அத்தனை பாட்டு எழுதியவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

அவர் வீட்டைச் சோதித்தார்கள். அவர் பெண்டாட்டி இடித்து வைத்திருந்த மாவில், உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று ஒருவர் கையை விட்டுக் கிளறினார். அந்தப் பெண் குழந்தை புதுப் பாவாடையோடு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. மாவில் ஒன்றுமில்லை. அடுப்பில் ஒன்றுமில்லை. தோட்டக்காரர் மகன், தூங்காத கண்ணோடு, அரிதாரம் முழுக்கக் கழுவாத முகத்தோடு, கூரைக்குள் கம்பை விட்டுக் குத்திப் பார்த்தார். நோம்பி நேரத்தில் போலீஸ் வேண்டாம் என்று தர்மகர்த்தா சொன்னார். "உன்னைய நம்புனதுக்குப் போதும்" என்று தச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் மேளம் அந்த வீட்டைத் தாண்டிப் போனது. வரிசையில் என் வீட்டுத் தட்டமும் இருந்தது.

நாலாம் நாள் தச்சர் திருச்செங்கோட்டுக்குப் போய், போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்றில் ஏறி ஆந்திராப் பக்கம் போய்விட்டார். பட்டறைக்கு வந்து சொல்லிக்கொண்டு போகவில்லை. அவர் உளியும் இழைப்புளியும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன.

மூன்று வாரம் கழித்து, எங்கள் வீட்டில் தங்கிப்போன ஒரு டோப்பாவைத் திருப்பித் தர செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், போலீஸ் உடுப்பில் சுற்றிய ஒரு மூட்டையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"வாங்க வாங்க. உங்க ஊரு வெளக்கு ரெண்டும் நம்ம பொட்டிக்குள்ள வந்துருச்சு. கோயில் சாமான்னு பாத்ததும் தெரிஞ்சுது. லெட்டர் போடலாம்னா விலாசம் சரியாத் தெரியல, உங்க ஊருக்கு வந்த ஆளும் சீசன்னு ஊர் ஊராச் சுத்திட்டிருக்கான். யாராச்சும் வருவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

கடையின் பெட்டியும் கறுப்புத் தகரப் பெட்டிதான். இருட்டில் நான் திறந்தது அதை. பிறகு என் பெட்டியைப் பூட்டியிருக்கிறேன். பாய் டீ வரவழைத்தார். நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யாரு மேலயும் சந்தேகப்பட்டுடலையே?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

ஊருக்கு வரும் பஸ்ஸில் மூட்டை மடியில் கனத்தது. நேரே தர்மகர்த்தா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ராசிபுரம் வரைக்கும் தீர்மானமாக இருந்தேன். ராசிபுரத்தில் பஸ் மாறினேன். மாறின பஸ்ஸில் வேறு யோசனை வந்தது. விளக்கு கிடைத்தால் போதாதா, யார் வைத்தது என்பதா முக்கியம், விளக்கு வந்துவிட்டால் அவர் மேல் உள்ள பழி தானாகப் போய்விடாதா. மறுநாள் உச்சிவெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், இரண்டு விளக்கையும் சிமெண்ட் சாக்கில் போட்டுக் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஊர் திமிலோகப்பட்டது. ஆத்தா விடுவாளா என்றார்கள். எடுத்தவன் கை விளங்காமல் போயிருக்கும், அதுதான் திருப்பி அனுப்பிவிட்டான் என்றார்கள். அவன்தான் ஆந்திராவில் இருக்கிறானே, அப்படியானால் பெண்டாட்டிதான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறாள் என்று ஒருவர் கணக்காகச் சொன்னார். எல்லாருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. அதுவரைக்கும் சந்தேகம்தான் இருந்தது. விளக்கு திரும்பி வந்த பிறகு அது நிச்சயமாகிவிட்டது. தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு, "எப்படியோ தம்பி, உன்ற பேரு தப்பிச்சுது" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த நோம்பிக்கு அதே நாடகத்தைப் போடச் சொன்னார்கள். அந்த மாதிரி அழுததே இல்லை, திரும்பவும் போடு என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். போட்டேன். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. பால்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் பண்டாரமாக நானே நடித்தேன். வசனம் தடுமாறவில்லை. எனக்கும் துண்டு போட்டார்கள்.

தச்சர் வரவில்லை. மாதம் ஒரு மணியார்டர் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் ஆகி அதுவும் நின்றது. அவர் பெண்டாட்டி ஒரு நாள் நாமக்கல்லில் பட்டறைக்கே என்னைத் தேடி வந்தார். நான் ஒரு வண்டியின் நெற்றியில் அம்மன் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கினேன். கையில் ஒரு இன்லண்டு லெட்டர் வைத்திருந்தார்.

"அண்ணா, ரிக்கு ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ஆளு இருக்கறாரா, என்னாச்சுன்னு கேட்டு. நானும் புள்ளையும் ஆத்தூர்ப் பக்கம் எங்கம்மா ஊட்டுக்கே போறமுங்க. இங்க இருக்க முடியலீங்."

எழுதினேன். கை அழகாகத்தான் ஓடியது. விலாசம் எழுதி, ஒட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நீங்க அவரோட ஒண்ணா வேல செஞ்சவங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். அவருதானுங்களா எடுத்தது?"

பெண்டாட்டிக்கே தெரியவில்லை. சொந்த வீட்டில் மாவைக் கிளறியதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, புருஷனை அத்தனை வருஷம் அறிந்தவருக்கு, கடைசியில் சந்தேகம் வந்துவிட்டது. ஊர் சொல்லிச் சொல்லி அதை வரவழைத்துவிட்டது. ஊர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். முதலில் பெயரைச் சொன்னவன் நான்தான்.

"இல்லைம்மா. அவர் எடுக்கல" என்றேன்.

"எப்படிங்கண்ணா சொல்றீங்க?"

பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருப்பவன் போல நின்றேன். நின்றது. நான் தூரிகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு லெட்டரை முந்தானையில் முடிந்துகொண்டு, தலையை ஆட்டினார்.

"நல்ல மனசுங்கண்ணா உங்களுக்கு. எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. அவருக்கும் உங்களப் பத்தி அப்படித்தான் நெனப்பு. போயிட்டு வாரேனுங்க."

வெயிலில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தார். வளைவு வரைக்கும் அவர் முதுகு தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் காதில் விழும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.